ஊர்ப்பக்கத்துக் கல்லூரி உங்களுக்கு ஒத்துவருமா? சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீரகேரளம்புதூர் வட்டார வீடுகளில் ஒரு பேச்சு எழும். "சுரண்டையிலயே காலேஜ் இருக்கு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம்" என்பார் அம்மா. "அங்க படிச்சா யாரு வேலை தருவா? கடனை வாங்கியாவது வெளியூர்ல சேருங்க" என்பார் சென்னையில் மளிகைக்கடை வைத்திருக்கும் சித்தப்பா. இருவரும் பிள்ளையின் நல்லதைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் கல்லூரியை ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? மூன்றாண்டுப் படிப்பை வெறும் தூரத்தை வைத்தோ பெயரை வைத்தோ முடிவுசெய்யக் கூடாது.

பட்டம் தருவது யார்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆம் பிரிவின்படி, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகமோ, நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ, நாடாளுமன்றச் சட்டத்தால் தனி அதிகாரம் பெற்ற நிறுவனமோதான் பட்டம் வழங்கலாம். சுரண்டை காமராஜர் அரசு கலைக் கல்லூரியில் படித்தால், பட்டம் தருவது 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அதே பல்கலைக்கழகத்தின் கீழுள்ள நகரத்துக் கல்லூரி மாணவர் பெறுவதும் அதே பட்டம்தான். ஊர் சிறியது என்பதால் பட்டத்தின் மதிப்பு குறைவதில்லை.

பெயரில் மட்டும் பல்கலைக்கழகமாக இருப்பவற்றிடம் எச்சரிக்கை தேவை. சத்தீஸ்கரில் 2002இல் வந்த ஒரு சட்டத்தைப் பயன்படுத்தி நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில், 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது. பணம் கட்டிச் சேர்ந்திருந்த மாணவர்கள்தான் தவித்தார்கள். மானியக் குழுவின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்றவை, போலியானவை இரண்டின் பட்டியலும் இருக்கின்றன. பி.எட். படிப்புக்கு ஆசிரியர் கல்விக் கவுன்சில், நர்சிங் படிப்புக்கு நர்சிங் கவுன்சில் ஆகியவற்றின் அங்கீகாரத்தையும் பாருங்கள்.

கிராமமே பலமாகும் படிப்புகள்

திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் 1956இல் தொடங்கிய கிராமிய நிறுவனம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய் வேலை செய்வது அங்கே படிப்பின் ஒரு பகுதி. மனோன்மணியம் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம், மலையை ஒட்டிய ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. வேளாண்மை, தாவரவியல், சுற்றுச்சூழல், சமூகப்பணி படிக்க விரும்புவோருக்கு வயலும் குளமும் மலையும் பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. படிக்கும்போதே பெரிய நிறுவனங்களில் பயிற்சி பெற வேண்டிய துறையானால், அதற்கு அந்தக் கல்லூரி என்ன ஏற்பாடு செய்கிறது என்று கேளுங்கள்.

நேரில் போய்க் கேளுங்கள்

வேலைநாள் ஒன்றில், வகுப்பு நடக்கும் நேரத்தில் போங்கள். நீங்கள் சேரும் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர்? ஆய்வகம் திறந்திருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா? குடிநீரும் பெண்களுக்கான கழிப்பறையும் எப்படி இருக்கின்றன? கடைசி வகுப்பு முடிந்தபின் உங்கள் ஊருக்குப் பஸ் உண்டா? இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். அலுவலகத்தில் கிடைக்காத தகவல் அவர்களிடம் கிடைக்கும்.

அரசுக் கல்லூரியானால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி காலிப் பணியிட விவரத்தை எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பித்தால்தான் சேர்க்கை நேரத்தில் பயன்படும்.

செலவும் உதவியும்

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நம் பகுதியில் பீடி சுற்றும் தாய்மார்கள் ஏராளம். அவர்களுடைய பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கும் பயன்படும்; மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கல்விக்கடன் வாங்க நேர்ந்தால், 4 லட்சம் ரூபாய் வரை வங்கி சொத்து ஈடு கேட்கக் கூடாது. வெளியூர்க் கல்லூரியின் கட்டணத்தோடு விடுதி, சாப்பாடு, பயணச் செலவையும் கூட்டி, மூன்றாண்டுக்குமான மொத்தத் தொகையைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

ஒரிஜினலும் கட்டணமும்

2018 அக்டோபரில் மானியக் குழு வெளியிட்ட அறிவிப்பின்படி, கல்லூரிகள் மதிப்பெண் பட்டியல் போன்ற ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். "ஒரிஜினல் எங்களிடம் இருக்கட்டும்" என்று பிடித்து வைப்பது தவறு.

சேர்ந்தபின் மனம் மாறினாலும் கட்டிய பணம் முழுவதும் போய்விடாது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால், சிறு அலுவலகக் கட்டணம் போக முழுத்தொகையும் திரும்ப வர வேண்டும். அதன்பின், கடைசி நாளுக்குள் விலகினால் 90 சதவீதம்; கடைசி நாள் கடந்து 15 நாளுக்குள் 80; 30 நாளுக்குள் 50. அதற்கும் பிறகு எதுவும் கிடைக்காது. ஆகவே விலகல் கடிதத்தைத் தேதியுடன் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நன்கொடை கேட்பதை 1992ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. எந்தத் தொகை கட்டினாலும் ரசீது கேளுங்கள்.

தவறு நடந்தால்

2023ஆம் ஆண்டின் மானியக் குழு விதிகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு அமைக்கப்பட வேண்டும். புகார் கிடைத்த 15 வேலைநாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழுவிடம் போகலாம்.

1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ராகிங் நடந்தால் 1800-180-5522 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச உதவி பெறலாம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இதற்கு வருமான வரம்பு கிடையாது.

அங்கீகாரமும் ஆசிரியர்களும் போக்குவரத்தும் சரியாக இருந்தால், பக்கத்துக் கல்லூரியில் தயங்காமல் சேருங்கள். இவற்றில் குறையிருந்தால், கல்லூரி எவ்வளவு பெரிய நகரத்தில் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெற்றோர்களே, விசாரிக்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். அந்த வகுப்பில் உட்காரப்போவது அவர்கள்தான். கடைசி வார்த்தையும் அவர்களுடையதாக இருக்கட்டும்.