பாம்பு பிடிக்கும் தொண்டர்கள்

விக்ரோலிக்குக் கிழக்கே உப்பங்கழியும் கண்டல் மரக் காடும் உள்ளன. மழைக்காலத்தில் நம் வீட்டு வாயிலுக்குப் பாம்பு வருவது வியப்பன்று. அதைப் பிடிக்க இளைஞர்கள் முன்வருகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர் யார்?

இவ்வினாவுக்குக் கேரள வனத்துறை 2020-இல் விடை கண்டது: பயிற்சியும் சான்றிதழும் பெற்ற தொண்டரே பாம்பைப் பிடிக்கலாம். பையின் வாயில் ஒரு குழாயைப் பொருத்துகிறார்கள். இருண்ட பொந்தை நாடுவது பாம்பின் இயல்பு. கொக்கித் தடியால் மெல்ல வழிகாட்டினால், அது குழாயினுள் நுழைந்து பையை அடைகிறது. கை பாம்பைத் தீண்டுவதே இல்லை. வேடிக்கை பார்ப்போருக்குச் சற்று ஏமாற்றந்தான்!

நீண்ட அனுபவம் ஒன்றே போதாதோ எனலாம். 2022 ஜனவரியில் கோட்டயத்தின் அருகே, ஆயிரக்கணக்கான பாம்புகளைப் பிடித்த ஒருவரையே, சாக்கில் இடும் வேளையில் நாகம் தொடையில் கடித்தது. செயற்கைச் சுவாசம் அளித்த பின்னரே அவர் பிழைத்தார்.