ஊரை மறித்த கட்டைவண்டிகள்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் இப்போது பனியன் கம்பெனிகளுக்கு நடுவேதான் தோட்டங்களைத் தேட வேண்டியிருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் பெருமாநல்லூரில்தான், 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள் மூன்று பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

உயர்வு என்னவோ யூனிட்டுக்குப் பைசாக் கணக்குதான். பைசாவுக்கா உயிரைக் கொடுத்தார்கள் என்று இன்றைக்குக் கேட்பவர்கள் உண்டு. கொங்கு நாட்டுக் கிணறு அறியாதவர்கள் கேட்கும் கேள்வி அது. கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலம் போய், கரண்ட் மோட்டார் வந்திருந்தது. நீர்மட்டம் கீழே போகப் போக மோட்டார் ஓடும் நேரம் கூடும், யூனிட்டும் கூடும். விளைச்சலின் விலை மட்டும் விவசாயி கையில் இல்லை. பருத்தியோ மஞ்சளோ, வியாபாரி சொன்னதுதான் விலை.

கோவை வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு இந்தக் கணக்கைக் கையில் எடுத்தார். 1972-இல் கட்டணம் மறுபடி ஏறியபோது விவசாயிகள் மாட்டு வண்டிகளோடு கோவைக்குள் நுழைந்தார்கள். கம்பு, கத்தி எதுவும் தேவைப்படவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டால் போதும், கட்டைவண்டி நடுரோட்டில் நின்றுவிடும். வரிசையாக நிற்கும் வண்டிகளை அப்புறப்படுத்துவது லேசான வேலை இல்லை. லாரியானால் சாவி இருக்கும், வண்டிக்கு மாடுதானே சாவி! பாலும் காய்கறியும் நகரத்துக்குப் போகாமல் நின்றன. தோட்டத்துக்காரர் விளைவிக்காவிட்டால் தட்டு காலி என்பது நகரத்துக்கு அன்றைக்குப் புரிந்தது.

குஜராத்தின் பர்தோலியில் 1928-இல் வல்லபாய் படேல் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். 22 சதவீத நிலவரி உயர்வைக் கட்ட மாட்டோம் என்று குடியானவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மாட்டையும் நிலத்தையும் ஜப்தி செய்தும் அசையவில்லை. கடைசியில் உயர்வு 6 சதவீத அளவுக்கு இறங்கியது.

இங்கே அத்தனை அமைதியாக முடியவில்லை. 1972 ஜூலை 5-இல் மீண்டும் துப்பாக்கிச் சூடு. பல விவசாயிகள் இறந்தார்கள். கையில் ஆயுதம் இல்லாதவர்களைச் சுட்டது ஊர் ஊராகச் சங்கத்துக்கு ஆள் சேர்த்ததே தவிர, யாரையும் வீட்டுக்குள் முடக்கவில்லை.

பலன் உடனே வரவில்லை. 1984-இல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நாயுடு கோவில்பட்டியில் காலமானார். எல்லாப் பம்புசெட்டுகளுக்கும் இலவசம் என்ற அறிவிப்பு 1990-இல்தான் வந்தது. பெருமாநல்லூர் நினைவுத்தூணுக்கு ஜூன் 19-இல் விவசாயிகள் மாலையோடு வருவது இன்றும் நிற்கவில்லை.