கோப்பை வேண்டும், பக்கத்து வீட்டில் வேண்டாம்

1958-ல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஒரு கூத்து நடந்தது. அந்த சீசனின் மதிப்புமிக்க வீரரை வீரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்: பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸ்ஸல். சிறந்த ஐவர் அணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பத்திரிகையாளர்கள். அதில் ரஸ்ஸல் இல்லை. இரண்டாம் அணியில்தான் இடம் கொடுத்தார்கள். முதல் ஐவரும் வெள்ளையர்கள். ஓட்டுப் போட்ட வீரர்களிலும் பெரும்பாலோர் வெள்ளையர்களே. ஆனால், எதிரே நின்று ஆடித் தோற்றவர்களுக்கு அவருடைய அருமை தெரிந்திருந்தது.

1934-ல் லூசியானாவில் பிறந்து, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் வளர்ந்தவர் ரஸ்ஸல். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு 1955, 56-ல் இரண்டு தேசியப் பட்டங்கள், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம், பிறகு செல்டிக்ஸுக்கு 13 சீசன்களில் 11 கோப்பைகள்.

தடுப்பாட்டக்காரன் தரையை விட்டுக் கால் எடுக்கக்கூடாது என்பதுதான் அந்தக் காலத்துப் பயிற்சியாளர்களின் பாடம். ரஸ்ஸல் எம்பினார். எம்பி, பந்தை கேலரிக்கு அடித்து விரட்டவில்லை; தன் ஆள் கையில் விழும்படி லேசாகத் தட்டிவிட்டார். எதிராளியின் ஷாட் நின்ற நொடியிலேயே செல்டிக்ஸின் தாக்குதல் தொடங்கிவிடும். யார் எந்த இடத்திலிருந்து, எந்தக் கையால் போடுவார்கள் என்று மனப்பாடமாக வைத்திருந்தார். முழுக்க முழுக்க மூளை வேலை. கறுப்பர் செய்தால் மட்டும் அதற்குப் ‘பிறவித் திறமை’ என்று பெயர்.

இந்தப் பார்வைக்கு அமெரிக்க விளையாட்டில் ஓர் அமைப்பே இருந்தது. லாய், மெக்எல்வோக் என்ற ஆய்வாளர்கள் 1970-ல் பேஸ்பாலையும் அமெரிக்கக் கால்பந்தையும் அலசினார்கள். ஆட்டத்தை நடத்தும் மைய இடங்கள் பெரும்பாலும் வெள்ளையருக்கு, ஓரத்து இடங்கள் கறுப்பருக்கு என்று பிரிந்து கிடப்பதைக் காட்டினார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1966-ல், செல்டிக்ஸின் பயிற்சியாளர் ரெட் அவர்பாக் அப்படியொரு மைய இடத்தை, தன் பொறுப்பையே, ரஸ்ஸலிடம் கொடுத்திருந்தார். என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். வெள்ளை வீரர்களிடம் பாரபட்சம் காட்டாமல் இருப்பீர்களா என்று நிருபர்கள் கேட்டார்கள். அதுவரை எந்த வெள்ளைப் பயிற்சியாளரையாவது இப்படிக் கேட்டிருப்பார்களா? ரஸ்ஸல் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். 1968, 69 கோப்பைகள் அப்படி வந்தவை.

செல்டிக்ஸ் நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது. 1950-ல் அவர்கள் எடுத்த சக் கூப்பர்தான், அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் கறுப்பர். 1964-ல் ஐந்து கறுப்பர்களை முதல் ஐவராக இறக்கியதும் அவர்களே. ஊர்தான் வேறு மாதிரி இருந்தது. பாஸ்டனின் ஐஸ் ஹாக்கி அணியான புரூயின்ஸ் 1960 முதல் 67 வரை பிளே-ஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அதற்குத்தான் கூட்டம் அலைமோதியது. வரிசையாகக் கோப்பை வென்ற செல்டிக்ஸின் ஆட்டங்களில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

ரெடிங் என்ற புறநகரில் ரஸ்ஸல் குடியிருந்தார். ஊர் கூடி அவருக்குப் பாராட்டு விழாவும் எடுத்தது. ஆனால் அவர் வெளியே போயிருந்த ஒருநாள் வீட்டுக்குள் புகுந்த ஆட்கள் சுவரில் இனவசை எழுதி, பரிசுக் கோப்பைகளை உடைத்து, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். அவருடைய மகள் கேரன் 1987-ல் நியூயார்க் டைம்ஸில் இதையெல்லாம் எழுதினார்.

ரஸ்ஸல் ஆட்டோகிராஃப் போடமாட்டார். திமிர் என்றார்கள். எனக்கு அது கணக்குத் தெரிந்தவரின் நிதானமாகப் படுகிறது. களத்தில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, அதற்குமேல் ஏன் குழைய வேண்டும்? 1972-ல் அவருடைய 6-ம் எண் பனியனுக்கு ஓய்வு கொடுத்தபோது, ரசிகர்கள் உள்ளே வருவதற்கு முன்பே, பழைய சகாக்கள் மட்டும் இருக்க, விழாவை முடிக்கச் சொன்னார்.

1975-ல் கூடைப்பந்தின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கெளரவம் வந்தது. விழாவுக்குப் போகவில்லை. தனக்கு முன்பே இடம் பெற்றிருக்க வேண்டிய கறுப்பின வீரர்கள் வெளியே இருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. 44 ஆண்டுகள் கழித்து, 2019-ல், சக் கூப்பரைச் சேர்த்த பிறகுதான் தனக்குரிய ‘ஹால் ஆஃப் ஃபேம்’ மோதிரத்தை வாங்கிக்கொண்டார். கூப்பர் 1984-லேயே இறந்துவிட்டிருந்தார்.