மேடேறும்போது எத்தனை முறை நிற்கிறீர்கள்?

எக்கோ எண் சொல்லாத சேதி

இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுபோவது என்று எண்ணிப் பலர் பதறிவிடுகிறார்கள். உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இறைத்து அனுப்ப இதயத்தால் முடியாமல் போவதுதான் அது. ஆண்டுக்கணக்கில் கூடவே இருக்கும் நோய். மாரடைப்பில் பிழைத்தவர்கள், ரத்தக்கொதிப்பைக் கவனிக்காமல் விட்டவர்கள், சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள், குடியால் இதயத்தசை தளர்ந்தவர்கள் என்று பல வழிகளில் அது வந்து சேர்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை எக்கோ பரிசோதனை காட்டிவிடும். ஆனால் 30 சதவீதம் என்ற ஒரே எண்ணோடு வெளியே வரும் இருவரில் ஒருவர் மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருப்பார். மற்றவர் குளித்துவிட்டு வருவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். இந்த வித்தியாசம் எக்கோ எண்ணில் பதிவாகாது. நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்வதை ஒரு பரிசோதனை முடிவுக்குச் சமமாக எழுதி வைக்க வேண்டும் என்பதே என் வாதம். கல்வராயன் மலை போல எக்கோவுக்காகக் கீழே இறங்கி வரவேண்டிய இடங்களில் இதன் தேவை இன்னும் அதிகம்.

புலம்பலா, ஆதாரமா?

நோயாளி சொல்வது அவரவர் மனநிலையைப் பொறுத்தது, அதை எப்படி நம்புவது என்று மருத்துவர்கள் தயங்குவதுண்டு. நோயின் தீவிரத்தைக் குறிக்க 1928 முதல் புழக்கத்தில் உள்ள நியூயார்க் இதயச் சங்கத்தின் நான்கு படிநிலைகளும் நோயாளி சொல்வதைக் கேட்டு மருத்துவர் போடும் மதிப்பெண்தானே என்று திருப்பிக் கேட்கலாம். நோயாளியே நேரடியாகப் பதில் சொல்லும் கேன்சஸ் சிட்டி கேள்வித்தாளை அமெரிக்க இதயநோய் மருத்துவர் ஜான் ஸ்பெர்டஸ் குழுவினர் 2000ல் வெளியிட்டார்கள். அதில் 23 கேள்விகள். பின்னர் வந்த சுருக்கப் பதிப்பில் 12. கடந்த இரண்டு வாரங்களில் மூச்சிரைப்பு, கால் வீக்கம், அசதி, தூக்கம், மனநிலை எப்படி இருந்தன என்று கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. 5 மதிப்பெண் மாறினாலே நோயாளியின் நிலையில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று கொள்கிறார்கள். 40 நாடுகளில் 23,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2021ல் வெளியான ஆய்வில், மதிப்பெண் குறையக் குறைய இறப்பு அபாயம் கூடியது. அதே ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 2,872 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தது. மருத்துவர் போட்ட படிநிலை மேம்பட்டதற்கும் பிழைத்திருப்பதற்கும் தனித் தொடர்பு தென்படவில்லை. நோயாளி சொன்ன மதிப்பெண் மேம்பட்டதற்குத் தென்பட்டது. இதற்குமேலும் அதைப் புலம்பல் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

நம் பக்கத்துக் கணக்கும் லேசானதல்ல. 2013ல் திருவனந்தபுரத்தில் இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவுசெய்து பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 61தான். ஐந்தாண்டு முடிவில் 59 சதவீதம் பேர் உயிரோடு இல்லை.

மலைக்குப் பொருந்தாத கேள்விகள்

அமெரிக்க நகரவாசிக்கு எழுதிய கேள்விகள் கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் பொருந்துமா? இந்த ஆட்சேபம் வலுவானது. சமதளத்தில் ஒரு தெரு நடக்க முடிகிறதா, நிற்காமல் மாடிப்படி ஏற முடிகிறதா, ஓட முடிகிறதா என்றெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில் சமதளம் எங்கே இருக்கிறது? மாடிப்படிக்கு எங்கே போவது? இதைவிட நுட்பமான சிக்கல் பதில்களில் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, வேறு காரணத்தால் முடியவில்லை அல்லது அந்த வேலையைச் செய்யவில்லை என்ற கட்டம் ஒன்று உண்டு. அதை டிக் செய்தால் அந்தக் கேள்வி கணக்கிலிருந்தே விடுபட்டுவிடும். மூச்சு வாங்குகிறதே என்று தண்ணீர்க் குடத்தை மருமகளிடம் விட்டவர், பிறகு சந்தைக்குப் போவதை நிறுத்தியவர், கடைசியில் திண்ணையோடு தங்கிவிட்டவர், எனக்கு இரைப்பே இல்லை என்றுதான் சொல்வார். உழைப்பே இல்லாதபோது இரைப்பு எங்கிருந்து வரும்? வீட்டாரும் வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவார்கள். எனவே போன வருஷம் செய்து இந்த வருஷம் விட்ட வேலை என்ன என்பதுதான் இங்கே முதல் கேள்வியாக வேண்டும். காட்டிலிருந்து வீட்டுக்கு மேடேறும்போது எத்தனை இடத்தில் நிற்கிறார், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா, காலையில் கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்பவை அடுத்து வரட்டும். மேற்கத்தியத் தாளை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்து வைப்பதால் பயனில்லை. உள்ளூர் வேலைகளை வைத்துக் கேள்வியை அமைத்து, சோதித்துப் பார்த்த பிறகே மதிப்பெண் போட வேண்டும்.

ரத்தசோகையிலும் ஆஸ்துமாவிலும் இதே இரைப்பு வருமே என்பார்கள். வரும். நோய் இதுதான் என்று கண்டுபிடிக்க எக்கோ வேண்டும், அதற்குக் கீழே வந்துதான் ஆகவேண்டும். கண்டுபிடித்த பிறகு மாதாமாதம் நோயின் போக்கைக் கவனிக்கவே இந்தக் கேள்விகள்.

கேட்டால் மட்டும் குணமாகுமா?

ஆகாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1,248 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் ஒவ்வொரு வருகையிலும் கேள்வித்தாளை நிரப்பச் செய்தார்கள். ஓராண்டு கழித்து அவர்கள் மற்றவர்களைவிட நலமாக இருக்கவில்லை. என் வாதத்துக்கு எதிரான பலமான சான்று இது. ஆனால் அது நடந்தது, சிறப்பு மருத்துவர்கள் ஏற்கெனவே கவனமாகப் பார்த்துவந்த இடத்தில். நோயாளியின் உண்மை நிலையை யாருமே கேட்டறியாத இடத்துக்கு அதே முடிவை அப்படியே பொருத்த முடியாது. அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: பதிலைக் கேட்டு ஃபைலில் வைத்தால் போதாது, ஒவ்வொரு மோசமான பதிலுக்கும் ஒரு நடவடிக்கை முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினால் அன்றே மருத்துவரைக் கேட்டு நீர் மாத்திரையின் அளவை மாற்றுவது, மூச்சு முட்டி விழித்தால் 108க்குச் சொல்லிக் கீழே கொண்டுவருவது என்று.

யார் கேட்பது?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வீடுவீடாகப் போகிறார்கள். இதய நோயாளி இருக்கும் வீட்டில் நான்கு கேள்வி கூடுதலாகக் கேட்டால் ஐந்து நிமிடம் ஆகும். அவர்கள் தலையில் ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது; கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் தருவதுதான் முறை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி, மலை வேலைகளை வைத்து இந்தக் கேள்விகளை உருவாக்கிச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். மாரடைப்பு வந்தவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்க 2023ல் இதயம் காப்போம் திட்டம் வந்தது. பிழைத்து வீடு திரும்பியவர் மறுமாதம் எப்படி இருக்கிறார் என்று கேட்கவும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் இதய நோயாளி இருந்தால், அவர் அண்மையில் விட்டுவிட்ட வேலைகளையும் வாராந்திர எடையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் எக்கோ ரிப்போர்ட்டைக் கேட்கும்போது அந்தத் தாளையும் சேர்த்து நீட்டுங்கள்.