பாற்பல்லும் பற்றூரிகையும்

தமிழ் கற்பிக்கும் எமக்குப் பல்லைப் பற்றி எழுத என்ன உரிமை என்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். உரிமை உண்டு. எழுத்துக்களின் பிறப்பிடங்களை வகுத்த தொல்காப்பியர், தலை, மிடறு, நெஞ்சு, இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பல்லையும் சேர்த்து எட்டாக எண்ணினார். மேற்பல்லும் இதழும் இயைந்தாலன்றி வகாரம் செவ்வனே பிறவாது. லயத்து வாசலில் அமர்ந்து எமக்கு முதலெழுத்து அறிவித்த எம் தந்தையார், நாற்பத்தைந்து வயதுக்குள் முன்பற்களை இழந்தவர். 'வண்டு' என்று அவர் சொல்லுங்கால் காற்றே மிகுந்து வரும். சிறுவராகிய நாம் சிரிப்போம். அச்சிரிப்பை நினைந்து இன்று நாணுகின்றோம்.

அஃது அவர் ஒருவருக்கு நேர்ந்த குறையன்று. பூண்டுலோயாப் பகுதியிலுள்ள டன்சினன், ஹரோ ஆகிய தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயை 1970ஆம் ஆண்டில் பேராசிரியர் ஹரால்ட் லோ என்பாரும் அவர் குழுவினரும் சோதித்தனர். 1985 வரை மீண்டும் மீண்டும் வந்து சோதித்தனர். பல் வைத்தியமோ பற்றூரிகை வழக்கமோ அவர்களை எட்டியிருக்கவில்லை. வியப்பு யாதெனில், அவர்களிடம் பற்சூத்தை ஏறக்குறைய இல்லை. ஆயின் முரசு நோய் எங்கும் பரவியிருந்தது. நூற்றுக்கு 8 பேரிடம் அந்நோய் விரைந்தும், 81 பேரிடம் மெல்லவும் பற்களின் பிடிப்பை அரித்தது. 11 பேரிடம் மட்டுமே முரசு அழற்சியோடு நின்றது. 2010இல் அவர்களுள் எஞ்சிய 75 பேரை மீண்டும் சோதித்தனர். இன்றும் உலகின் பல் மருத்துவ மாணவர் இவ்வாய்வைப் படிக்கின்றனர். நம்மவர் வாய் பிறர்க்குப் பாடநூலாயிற்று. நாம் அதிற் பாடம் கற்றோமா?

அன்று சூத்தை அரிதாயிருந்தது; இன்று இனிப்புப் பண்டம் லயத்துக் கடை வரை வந்துவிட்டது. ஆகவே முரசையும் பல்லையும் ஒருங்கே காக்கும் பழக்கம் பாற்பல் முளைக்கும் நாளிலேயே தொடங்குதல் வேண்டும். முதற்பல் ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் தோன்றும். இருபது பாற்பற்களும் மூன்று வயதுக்குள் நிறைந்துவிடும். விழப்போகும் பல்தானே என்பது பிழையான எண்ணம். பின்வரும் பல்லுக்கு இடம் காத்து நிற்பது பாற்பல்லே.

இவ்வளவும் அறிந்திருந்தும் எம் இளைய மகளிடம் நாம் தோற்றோம். இரண்டு வயதில் அவள் தூரிகையைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்வாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கும் நாம், தாடையைப் பிடித்துத் திறந்தோம்; பல் வைத்தியர் ஊசி போடுவார் என்று அச்சுறுத்தினோம். விளைவு, தூரிகை இருந்த அறைக்கே அவள் வர மறுத்தாள்.

வழி காட்டியவர் எம் அன்னையார். "அதட்டினா வாய் திறக்குமா? இங்க வாடி தங்கம், அப்பாயிக்குத் தேச்சு விடு" என்று, தமக்கு எஞ்சியிருந்த மூன்று பற்களையும் காட்டித் தம் தூரிகையைக் குழந்தை கையிற் கொடுத்தார். அவள் சிரித்துக்கொண்டே தேய்த்தாள். "இனி அப்பாயி முறை" என்றதும், தன் சிறு தூரிகைக்குத் தானே வாய் திறந்தாள்.

இதில் அடங்கிய நுட்பத்தைப் பின்னரே உணர்ந்தோம். இரண்டு வயதுக் குழந்தை தூரிகையை வெறுப்பதினும், தன் உடல்மீது பிறர் செலுத்தும் ஆட்சியையே வெறுக்கின்றது. அதற்கும் ஒரு முறை கொடுத்தால் எதிர்ப்புத் தளரும். வேறு காரணங்களும் உள. கடைவாய்ப் பல் முளைக்குங்கால் முரசு நோகும். பெரியோர் பற்பசை சிறு நாவுக்கு எரியும். நுவரெலியாக் குளிரில் பீலித் தண்ணீர் பல்லைக் கூசச் செய்யும். இளஞ்சூட்டு நீரில் தூரிகையை நனைத்தல் நன்று. மேலுதட்டை முரசோடு இணைக்கும் மெல்லிய சவ்வில் தூரிகை இடித்தாலும் வலிக்கும். அவ்விடத்தை ஒரு விரலால் மறைத்துக்கொள்ளல் வேண்டும்.

குழந்தையின் தலையை மடியில் வைத்து, முகம் மேல்நோக்கக் கிடத்தினால் பற்கள் யாவும் தெரியும். மென்மையான சிறு தூரிகையால், பல்லும் முரசும் சேருமிடத்தில் சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். மூன்று வயது வரை ஓர் அரிசியளவு பசையும், பின்னர் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். புளோரைட்டு பத்து இலட்சத்தில் 1000 பங்கேனும் உள்ள பசையே பயன் தரும். உலர் வலயத்து நிலத்தடி நீர் சிலவற்றில் புளோரைட்டு மிகுதியாகிப் பல்லைக் கறைப்படுத்துவதுண்டு. நம் மலைநாட்டு நீரில் அது குறைவு. எனினும் பசையை விழுங்கவிடலாகாது. உமிக்கரியும் செங்கற்பொடியும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடுமாதலின் குழந்தைக்கு ஆகா. ஒருவர் தூரிகையை மற்றவர் வாயிலிடலும் ஆகாது.

காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை துலக்குதல் வேண்டும். இரண்டனுள் இரவே இன்றியமையாதது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பல் காவலிழக்கின்றது. சீனியிட்ட தேநீரைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து உறங்க வைக்கும் வழக்கத்தை அறவே ஒழித்தல் நன்று. துலக்கிய பின் நீரன்றி வேறெதுவும் வேண்டா.

கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்க்கு விடியற்பொழுது பறந்துவிடும். காலைக் கடமையைப் பிள்ளைக் காம்பிராவில் நிறைவேற்றலாம். இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில், பெயரெழுதிய தூரிகைகளோடு பத்துப் பிள்ளைகள் ஒருங்கே துலக்கினால், பதினோராவது பிள்ளை அழாமற் சேர்ந்துகொள்ளும். தோட்டங்களில் உயர்பதவி வகிக்கும் பழைய மாணவர்கள் தூரிகையும் பசையும் வாங்கித் தரலாம். ஒரு பரிசுக் கிண்ணத்தின் விலைகூட ஆகாது.

எம் மகள் இப்பொழுது பாலர் வகுப்பில் வாசிக்கின்றாள். சென்ற வாரம் 'வண்டு' என்ற சொல்லைப் பிழையற ஒலித்தாள். கேட்டிருக்க எம் தந்தையார் இல்லை. அப்பாயி கேட்டார்; அதுவே எமக்குப் போதுமாயிருந்தது.