பருத்த பூனையைப் பட்டினி போடலாகாது

நூற்கட்டையும் நெல்மூட்டையையும் எலியினின்று காக்கும் பூனையின் அருமையை நம் அங்கத்தினர் அறிவர். மயிலாப்பூர் வீடுகள் சிலவற்றிலோ, பாற்சோறும் தயிர்ச்சோறும் மிகுதியாகத் தின்று, எழுந்து நடக்கவும் சோம்பும் பூனைகளைக் காண்கிறோம். இவற்றை இளைக்கச் செய்யப் பட்டினி போடுவது பெரும் பிழை. பருத்த பூனை சில நாட்கள் உண்ணாதிருந்தால், உடற்கொழுப்பு ஈரலிற் சேர்ந்து உயிருக்கே அபாயம் நேரலாம்.

பூனை மாமிசபட்சணி. ஆதலின் சோற்றையும் பாலையும் சிறிது சிறிதாகக் குறைத்து, புலாலுணவை அளந்து அளித்தல் வேண்டும். புலால் புழங்காத இல்லத்தார் கடையில் விற்கும் பூனைத் தீவனத்தை அளந்து வைக்கலாம். 6 கிலோ எடையுள்ள பூனை மாதம் கால் கிலோ குறைந்தாற் போதும். கூடையிலிட்டுத் தராசில் நிறுத்து வருக. தொடங்குமுன், 1903 முதல் வேப்பேரியில் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டி, உணவின் அளவைக் கேட்டறிதல் நலம்.