ஒய் ரோட்டில் எடுக்க வேண்டிய முடிவு

2020 பொங்கலுக்குத் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். ஜார்ஜியா மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊரில் வேலை. சென்னையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு அவன்தான் கார் ஓட்டினான். சமயபுரம் டோல் தாண்டியதும் நான் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் காவிரிப் பாலம்! ராஜகோபுரம் வலது பக்கம் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது.

"38-லயே வந்தா ஊருக்குள்ள போயிடும்னு நினைச்சேன்ணா" என்றான்.

அவன் மேல் தப்பில்லை. அவன் ஊரில் சாலை எண்ணே வழி சொல்லிவிடும். இன்டர்ஸ்டேட் 85 பெரிய சாலை. மூன்று இலக்க எண்ணின் முதல் இலக்கம் ஒற்றைப்படை என்றால் அது பொதுவாக ஊருக்குள் போகும் கிளை. இரட்டைப்படை என்றால் ஊரைச் சுற்றிப் போவது. அதனால்தான் கொலம்பஸுக்குள் போவது 185, அட்லாண்டாவைச் சுற்றுவது 285. அங்கே மைல் கணக்கு தெற்கு முனையிலிருந்து தொடங்குகிறது. வடக்கிலிருந்து கொலம்பஸுக்கு வருகிறவருக்கு எக்ஸிட் எண் குறைந்துகொண்டே வரும். எண்ணைப் பார்த்தாலே இன்னும் எத்தனை மைல் என்று தெரிந்துவிடும்.

நம்ம ஊர் எண்களிலும் ஒழுங்கு உண்டு. 2010-ல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். வடக்கு–தெற்காக ஓடினால் இரட்டை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் கூடும். கிழக்கு–மேற்காக ஓடினால் ஒற்றை எண். வடக்கிலிருந்து தெற்கே கூடும். கடலோரம் 32, அடுத்து 36, திருச்சி வழியாக 38, இன்னும் மேற்கே 44 என்று வரிசையாக வருவதைப் பாருங்கள். திருச்சியைக் குறுக்கே தொடும் 81, 83 இரண்டும் ஒற்றைப்படை. மூன்று இலக்கம் என்றால் கிளை. புதுக்கோட்டை வழியாகப் போகும் 36-இன் கிளைதான் திருச்சி–புதுக்கோட்டை 336.

ஆனால் இந்த எண், சாலை எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்லும்; ஊருக்குள் போகுமா, ஒதுங்கிப் போகுமா என்று சொல்லாது. பழைய 45-ஆம் எண்ணிலேயே பழகிய நமக்கு அது பெரிதாகத் தெரியாது. புதிதாக வருகிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

சிக்கல் எல்லாம் கடைசிச் சில கிலோமீட்டரில்தான். கொள்ளிடத்துக்கு வடகரையில் சாலை ஒய் எழுத்துப் போலப் பிரிகிறது. ஒரு கிளை நம்பர் 1 டோல்கேட் வழியாகக் கொள்ளிடம் பாலம் ஏறித் திருவானைக்கோவில், ஸ்ரீரங்கம் பக்கம் வரும். (1928-ல் கட்டிய பழைய பாலத்தின் ஒரு பகுதி 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. நல்லவேளை, பக்கத்திலேயே புதுப் பாலம் 2016-லேயே திறந்தாகிவிட்டது.) இன்னொரு கிளை பைபாஸ். அது இரண்டு ஆறுகளையும் தாண்டி, சஞ்சீவி நகர், பால்பண்ணை, ஜி கார்னர், மன்னார்புரம் என்று போய் மதுரை ரோட்டில் சேரும்.

இன்னொரு வேடிக்கை. நம்பர் 1 டோல்கேட்டில் டோல் கிடையாது, டிவிஎஸ் டோல்கேட்டிலும் கிடையாது. இரண்டும் இன்று வெறும் ஊர்ப்பெயர்கள். காசு கட்டுவது சமயபுரத்தில். மென்பொருளில் வேலை போன பிறகும் பெயர் மட்டும் தங்கிவிட்ட பழைய ஃபங்ஷன் மாதிரி!

ஊரை விட்டு ஒதுங்கத்தான் பைபாஸ். ஆனால் ஊர் அதைத் தேடி வந்துவிட்டது. இருபுறமும் வீடு, கடை. அன்று சஞ்சீவி நகரில் வலது பக்கம் திரும்பக் காத்திருந்தோம். சைக்கிளில் பையனை உட்கார வைத்து ஒரு அம்மா சாலையைக் கடந்தார். பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்தியபடி பிரேக் போட்டது. அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது தெரு. லாரிக்காரருக்கு அது நெடுஞ்சாலை. இரண்டு பேரும் சரிதான், ஆபத்தே அதுதான். தம்பி ஓடத்துறை ரோட்டைப் பிடித்துக் காவிரிப் பாலம் ஏறும்வரை வாயே திறக்கவில்லை.

வடக்கிலிருந்து முதல்முறை வருகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள். ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில், சத்திரம் என்றால் ஒய் ரோட்டிலேயே பிரியுங்கள். காந்தி மார்க்கெட், தஞ்சாவூர் பக்கம் என்றால் பால்பண்ணை. ஜங்ஷன், மத்தியப் பேருந்து நிலையம் என்றால் அதற்கும் அப்பால். 2025-ல் திறந்த பஞ்சப்பூர் முனையம் என்றால் மதுரை ரோட்டில் நேரே. பைபாஸ் ஏறிவிட்டால், தவறவிட்ட வழியைப் பிடிக்க அவசரப்படாதீர்கள். நமக்குப் பத்து நிமிடம்தான் நட்டம். கடப்பவர்களுக்கு அப்படி இல்லை.

அடுத்த முறை நான் தூங்க மாட்டேன்.